கோழிக் கிறுக்கல்

“கல்யாணமானதிலேருந்து உங்க கோழிக் கிறுக்கலைப் படிச்சே என் கண்ணு பூத்துப்போச்சு. இப்ப மட்டும் யாருக்காம் முத்து முத்தா?”

ஒரு மாதமாக ஆபீஸ் விட்டு வந்ததும் கையெழுத்துப் பழகும் கணவரிடம் மனைவி வெடித்தாள்.

“பக்கத்து சீட்டு மேடம்தான் சொல்லிக் கொடுத்தாங்க. வார்த்தைக்கு நடுவுல இடம் விட்டு, நிதானமா எழுதணுமாம்,” என்றார் அவர், கரகரத்த குரலில்.

“ஓஹோ! மேடத்துக்குத்தான் எழுதறீங்களா?”

“உனக்குத்தான்.”

“எதிர்லயே நிக்கறேன். வாயால சொன்னா ஆகாதா?”

அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

“உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அடுத்த வாரம் தொண்டையில ஆபரேஷன். அப்புறம் பேச்சே வராதாம். உன்கூட சண்டை போடணும்னா எழுதித்தானே ஆகணும்?”

அவள் பேனாவைப் பிடுங்கினாள்.

“எழுதறதெல்லாம் அப்புறம். இந்த வாரம் பூரா பேசிக்கிட்டே இருங்க. அந்த மேடத்தைப் பத்தியா இருந்தாலும் பரவாயில்ல.”