நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“மூணாவதை மட்டும் பார்க்கக் கூடாது, புரூஃப் சார்!”

நாவலாசிரியை சட்டென்று உள்ளங்கையால் நோட்டை மூடிக்கொண்டாள். ‘புது வருஷத்தில் முடிக்க வேண்டியவை’ என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்ததில் முதல் இரண்டு வரிகள் மட்டும் வெளியே தெரிந்தன. மூன்று காதல் நாவல்கள். தினமும் ஆயிரம் வார்த்தைகள்.

“மூணாவதுல அப்படி என்ன மேடம் ரகசியம்?”

“அது என் ஒருத்தியால முடியாது. நீங்க மனசு வெச்சாதான் நடக்கும்.”

அவருக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. நாற்பத்திரண்டு வயதில் இப்படியெல்லாம் ஆகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பதிப்பகத்தில் பன்னிரண்டு வருடமாக அவளுடைய நாவல்களுக்குப் பிழை திருத்துபவர் அவர்தான். அச்சுக்குப் போகும் முன் தாள்களைத் தூக்கிக்கொண்டு அவரே அவள் வீட்டுக்கு வந்துவிடுவார். தபாலில் அனுப்பினால் போதும். வரச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

போன நாவலில் கதாநாயகன் நிலா, கடல், நட்சத்திரம் என்று ஒன்றையும் விடாமல் ஒன்றரைப் பக்கத்துக்குக் காதலைச் சொன்னான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அன்றைக்கு அவருக்கு என்ன வந்ததோ, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்: ‘உயிருள்ள எவனும் இப்படிப் பேச மாட்டான்.’

தாள் திரும்பி வந்தபோது அதற்குக் கீழே அவளுடைய நீல மை இருந்தது. ‘பின்னே எப்படிப் பேசுவானாம்?’

அந்தத் தாளை மட்டும் அவர் ஆபீஸில் கொடுக்கவில்லை. எட்டு மாதமாக நாலாய் மடிந்து அவருடைய சட்டைப் பையில்தான் குடியிருக்கிறது. பதில் வேண்டும் என்றுதானே ஒருத்தி கேள்வி கேட்பாள்?

அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட நேரத்தில் அவருடைய ஃபோன் அடித்தது. அக்கா.

“டேய், பொண்ணு வீட்டுல இன்னிக்குள்ள பதில் சொல்லணுமாம். நல்ல பொண்ணுடா. இதையும் தட்டிக் கழிச்சேன்னா இனிமே உனக்காக ஒருத்தர் வீட்டுப் படியும் ஏற மாட்டேன். ராஜகுமாரியா வரப்போறா உனக்கு?”

அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நாவலாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள். “மனசுல வேற யாராவது இருந்தா தைரியமா வேண்டாம்னு சொல்லிடுங்க சார்” என்றாள் ரகசியமாக.

அவர் ஃபோனை வாய்ப் பக்கம் கொண்டுவந்தார்.

“வேண்டாம்னு சொல்லிடுக்கா.”

அக்கா பட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

“இந்த ஃபோனாலேயே எல்லாத் தொல்லையும்” என்று நாவலாசிரியை தன்னுடையதையும் எடுத்தாள். திரையில் ஏதோ தட்டிவிட்டு, இரண்டு காபிக் கோப்பைகளுக்கும் நடுவில் கவிழ்த்து வைத்தாள். “இப்போ யாரும் குறுக்கே வர மாட்டாங்க. சொல்லுங்க. யார் அது?”

“எனக்கு அழகாப் பேச வராது மேடம்.”

“வர வேண்டாம். வர்ற மாதிரி பேசுங்க.”

அவர் கோப்பையின் காதைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தார்.

“எந்தப் புத்தகத்தையும் ரெண்டு தடவை படிச்சாப் போதும், பிழை எல்லாம் மாட்டிடும். உங்களோடதை மட்டும் மூணு தடவை படிப்பேன். மூணாவது எனக்காக. இங்கே வர்ற அன்னிக்கு மட்டும்தான் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். நீங்க ஒற்றெழுத்தை எல்லாம் விட்டுட்டு எழுதுறீங்களே, எங்கெங்கே வரும்னு பத்து நிமிஷத்துல சொல்லிக் குடுத்திருக்கலாம். பன்னிரண்டு வருஷமா சொல்லிக் குடுக்கலை. கத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் நான் எதுக்குன்னு பயம்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “அவ்வளவுதான். நீங்கதான்.”

அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவர் நன்றாகவே பார்த்தார். கையை நீட்டி அவர் கைமேல் வைத்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

“இத்தனை நாளா இதையெல்லாம் எங்கே சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

பேனாவை எடுத்து, மூடிய மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள். அவருக்கு உடனே அக்காவைக் கூப்பிட்டு, ராஜகுமாரிதான் வந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அவள் தன் ஃபோனைத் திருப்பினாள். இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“சார், இன்னொரு தடவை சொல்றீங்களா?”

அவர் வெட்கத்தோடு சிரித்தார். ஆயுசு முழுக்கச் சொல்லச் சொன்னாலும் சொல்வார்.

“ஒரு வார்த்தை மாறாம, அந்த மூச்சு வாங்கினது உள்பட” என்றாள் அவள், ஃபோனை சார்ஜரில் செருகிக்கொண்டே. கை விலகிய நோட்டில் மூன்றாவது வரி தெரிந்தது: ‘உயிருள்ளவன் பேசும் ஒரு காதல் வசனம்.’ “பாதியிலேயே ரெக்கார்டிங் நின்னுடுச்சு.”