சரிசமம்

"ஆட்டமும் குரலும் இவ்வளவு சரிசமமாக ஒரே பெண்ணிடம் அமைந்து நாங்கள் பார்த்ததில்லை."

கல்லூரிக் கடிதத்தைப் படித்த அப்பா க்ளென்னுக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெண்டையும் சமமாச் சொல்லித்தர்ற இசை நாடகப் படிப்புன்னு தேடித்தேடி இந்தக் காலேஜைப் பிடிச்சியே மேரன், சீட் கிடைச்சிடுச்சுடி! ஏன் மரம் மாதிரி உக்காந்திருக்க?"

மேரனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தட்டில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"வீடியோவுல அனுப்பின பாட்டை ஒரு தடவை பாடும்மா. டுலூத் ஊரே கேக்கட்டும்!"

மேரன் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் பாட்டு கேட்டது. மேசைக்கு எதிர்ப்பக்கம், அதே முகத்தோடு உட்கார்ந்திருந்த அவளுடைய இரட்டைச் சகோதரி லின்னியா பாடிக்கொண்டிருந்தாள்.

அப்பா கடிதத்தைக் கீழே வைத்தார். "அப்போ ஆடினது?"

"நான். அவளுக்கு ஆட வராது, எனக்குப் பாட வராது" என்றாள் மேரன். "சீட் ஒண்ணுதான்ப்பா."