விரும்பும் ஊர்

இலங்கையை விட்டு இந்தியா போகும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஹாலிஎலவில் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுப்பவர் கடைக்கார வாஹித் முதலாளிதான். அன்று 'குடியேற விரும்பும் ஊர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"கோத்தகிரி போடுவமா? தேயிலையும் இருக்கு, குளிரும் நம்ம பதுளை மாதிரிதானாம்."

"வேணாங்க மொதலாளி" என்றாள் செவனம்மா. பக்கத்தில் அவள் தம்பி ராசு தலையைக் குனிந்தபடி நின்றான்.

"திருச்சி? மில்லுல வேலை கெடைக்குமாம்."

"வேணாங்க."

"மதுரைப் பக்கம் ஒங்க சனம் இருக்குமே?"

"ராமேஸ்வரம்னு எழுதுங்க."

வாஹித்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அங்க கருவாட்டத் தவிர என்ன இருக்கு? கொழுந்துக் காட்டுல பொறந்தவன் கடல்ல வலை இழுப்பானா? தம்பி பொழப்புல மண்ணைப் போடாத புள்ள!"

அவள் பிடித்த பிடியை விடவில்லை. அவரும் எழுதித் தொலைத்துவிட்டு, மைப்பெட்டியைத் தள்ளினார். ராசு பெருவிரலை அழுத்தினான்.

"நீயும் கைநாட்டு வையி."

"நான் போகலீங்க. செத்துப்போன எம்புருசன் பாரத்துல எம்பேரும் இருந்திச்சு. அதுல எனக்கு சிலோன் பிரஜாவுரிமை வந்திருச்சு. தம்பிக்கு மட்டும் இந்தியான்னுட்டாங்க. அந்தப் பாரத்தையும் நீங்கதாங்க இதே மேசையில எழுதுனீங்க."

வாஹித் மைப்பெட்டியை மூடினார்.

"மத்த ஊருன்னா கடலுக்கு அப்பறமும் தூரம் இருக்குங்க மொதலாளி. ராமேஸ்வரம்னா, நடுவுல கடல் மட்டுந்தானுங்களே."