தொட்டிக்குள் எலுமிச்சம்பழம்

“எவன் மூடியைத் திறந்தது?”

டைரக்டர் சீனிவாசராகவன் போட்ட சத்தத்தில், நகரவே நகராத பெங்களூரு வைட்ஃபீல்டு டிராஃபிக்கே இரண்டடி நகர்ந்திருக்கும்.

ஆராய்ச்சியாளர் பார்கவி பர்னரை ஆறாவது தடவையாகத் திருகினாள். லைட்டர் பொறி விட்டது. நெருப்பு பிடிக்கவில்லை.

மூன்று வருஷ உழைப்பு. சுரங்கத்தில் மலை மலையாய்க் கிடக்கும் நிலக்கரிக் கழிவைத் தண்ணீரில் கரைத்து, அதைத் தின்று எரிவாயு விடுகிற நுண்ணுயிர்களை, பர்னருக்குக் குழாய் போகிற அந்த மூடிய கண்ணாடித் தொட்டியில் வளர்த்திருந்தாள். உலக ஜனத்தொகை மொத்தமும் அதில் ஒரு ஸ்பூனுக்குக் காணாது. அத்தனையும் கரியைத் தின்று விட்ட ஏப்பத்தில், போன வாரம் லேபுக்கே டீ போட்டார்கள்.

ஒரே குறை, காற்றுப் பட்டால் சுருண்டுவிடும்.

இப்போது அந்தக் கறுப்புக் குழம்பில், பொட்டு வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தது.

எதிரே பணம் போட்ட சுரங்கக் கம்பெனியின் அதிகாரி நீல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இன்றைக்குச் சுடர் எரியாவிட்டால் லேபையே மூடிவிடுவதாகப் பேச்சு.

“முந்தாநாள் ஆயுத பூஜை...” என்று இழுத்தாள் பார்கவி.

“நான் அப்பவே சொன்னேன்!” அமெரிக்காவில் மேனேஜ்மென்ட் படித்த டைரக்டர் எகிறினார். “சயன்ஸ் நடக்கற எடத்துல என்ன குங்குமம், என்ன பூசணிக்கா? யார் வேலை இது?”

மாப்பும் கையுமாக நின்றிருந்த லட்சுமம்மா முன்னால் வந்தாள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து லேபைத் துடைக்கிறவள்.

“நான்தான் சார். எல்லா மிஷினுக்கும் பூஜை போட்டோமே, இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னு உள்ளாறயே ஒண்ணு போட்டுட்டேன்.”

திடீரென்று நீல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“படிக்காத அம்மா, பாவம். திரும்ப வளர்க்க எத்தனை நாள் ஆகும்?”

“பாட்டில்ல கொஞ்சம் தனியா எடுத்து வெச்சிருக்கேன் சார். ஒரு மாசம் போதும்” என்று படபடத்தாள் பார்கவி.

“ஒரு மாசம் எடுத்துக்குங்க” என்றார் நீல்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும், “நாளையிலேருந்து நீ வர வேணாம்” என்றார் சீனிவாசராகவன், லட்சுமம்மாவின் முகத்தைப் பார்க்காமலே.

பார்கவிக்கு அதோடு ஆறவில்லை. கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு போனாள்.

“மூணு வருஷம், லட்சுமம்மா! ராத்திரி பகல் பார்க்காம வளர்த்தேன். எப்படிம்மா உங்களுக்கு மனசு வந்தது?”

லட்சுமம்மா டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்தாள்.

“கோவிச்சுக்காதம்மா. அந்த மூடியில பன்னெண்டு போல்ட்டு கீது. எனக்கு எங்க அதக் கழட்டத் தெரியும்?”

பார்கவிக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்போ யாரு?”

“முந்தாநாள் நீங்கல்லாம் பொரிகடலை வாங்கினு போயிட்டீங்க. லைட்டை நிறுத்தலாம்னு உள்ள போனா, டைரக்டர் சார் நின்னுனு இருந்தாரு. ஒரு கையில ஸ்பேனரு, ஒரு கையில பழம். கண்ணை மூடிக்கினு உதடு மட்டும் ஆடுது. லேபை மூடிடுவாங்கன்னு உன்னைவிட அவருக்குத்தான் பயம்.”

“அதை நீல் சார் எதிர்லயே சொல்றதுக்கென்ன? வேலை போச்சே உங்களுக்கு!”

“டைரக்டரே போட்டாருன்னா நீல் சார் சிரிச்சிருப்பாரா? பூட்டு போட்டுட்டுப் போயிருப்பாரு. தொடைக்கிறவ போட்டேன்னதும்தானே உனக்கு ஒரு மாசம் கெடைச்சுது?”