பொய்ப் பச்சை

ஒலிபெருக்கியில் தாளாளரின் குரல் கேட்டது.

"வணக்கம். விண்வெளியிலிருந்து நம் கல்லூரியின் வாழ்த்துகள்…"

அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். தாளாளர் கைகூப்பினார்.

அவள் தட்டவில்லை.

கல்லூரி கட்டிய செயற்கைக்கோள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு செங்கல் அளவுதான். அதற்குள் இருந்த கணினிக்கு நிரல் எழுதியவள் அவள்.

போன் எட்டாத கடலில், ஆபத்து என்றால் படகுக்காரர் ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்துவார். கணினி அந்தச் செய்தியைச் சேமித்துவைத்து, கரைக்கு மேல் வரும்போது கீழே அனுப்பும். 'கிடைத்தது' என்று படகுக்கும் பதில் சொல்லும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும்.

திரையைப் பார்த்தாள்.

கணினியில் செய்திகளுக்கான இடம் முழுவதையும் தாளாளரின் குரல்பதிவு அடைத்துக்கொண்டிருந்தது. படகிலிருந்து எது வந்தாலும் வந்த கணமே அழிந்துவிடும்.

'கிடைத்தது' என்ற பதில் மட்டும் தவறாமல் போகும்.

"நீங்களா சார் மாத்துனீங்க?"

பேராசிரியர் தாணுமாலயன் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார். "விழாவுக்காகத்தான் மக்ளே. ஒரு வாரம் போட்டும், மாத்திக்கிடலாம்."

"அப்போ பச்சை விளக்கு எதுக்கு?"

"எரியலைன்னா கெட்டுப்போச்சுன்னு பேசுவானுவ."

ததேயு மாமா நேற்றே அப்படியொரு பெட்டியோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். கொடுத்தனுப்பியது அவள். பச்சை எரிந்தால் பயப்பட வேண்டாம், ஆள் வரும் என்று சொன்னதும் அவள்.



செயற்கைக்கோள் இன்னும் அடிவானத்தில் மறையவில்லை. கட்டளையைத் தட்டினாள்.

தாளாளரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

"என்னாச்சு?" என்றார் தாளாளர்.

"அழிச்சிட்டேன் சார். அது படகுக்காரங்களுக்கு உள்ள இடம்."

தாளாளர் வெளியேறினார். மற்றவர்களும் போனார்கள். பேராசிரியர் வாசலில் திரும்பினார்.

"சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுக் கிளம்பு. இனி வராண்டாம்."

அவள் கதவை உள்ளே தாழிட்டாள்.

இனி வரும் செய்தி தங்கும். ஆனால் மாமா இதற்கு முன்பே அழுத்தியிருந்தால்?

அந்தச் செய்தி எங்கும் இல்லை. அவர் பச்சையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

செயற்கைக்கோள் அடுத்த சுற்றில் வரும்போது அனுப்ப ஒரு கட்டளையை எழுதினாள். எல்லாப் பெட்டிகளிலும் பச்சையை அணை. மறுபடி அழுத்தச் சொல்.

கதவைத் தட்டினார்கள். பிறகு இடித்தார்கள்.

அவள் ஆன்டெனாவை, செயற்கைக்கோள் எழும் திக்குக்குத் திருப்பினாள்.