டிக் போட்ட நோட்டு

கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும். இரண்டாவது முறையே அவன் பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

போன மாதம் நான்கு முறை எழுந்தவன்.

மர பீரோவை ஒண்டியாளாக மூன்று மாடி ஏற்றிவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்டவன். இப்போது அவன் தொடையை இரண்டு கைகளால் வளைத்துப் பிடித்தால் மனைவியின் விரல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

பிசியோதெரபி செய்யும் பெண் நோட்டைப் புரட்டினாள். தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை. ஒரு கட்டம் விடாமல் டிக்.

"தோல் ஆறிடுச்சுக்கா. ஆனா இவ்ளோ பெரிய தீக்காயத்த ஆத்தறதுக்கு உடம்பு தன் சதையவே கரைச்சுக்கும். எழுந்து உக்காந்தாதான் அது திரும்ப வரும். நிஜமாவே செஞ்சாரா?"

மனைவி தரையைப் பார்த்தாள்.

ஒட்டுப்போட்ட தோல் இழுக்க இழுக்க அவன் பல்லைக் கடிப்பான். மூன்றாவது முறைக்குள் அவளுக்குப் பொறுக்காது. போதும், உட்காருங்கள் என்று தோளைப் பிடித்து அமுக்கிவிடுவாள். பிறகு சமையலறைக்குப் போய் மீதிக் கட்டங்களை நிரப்புவாள். பரீட்சையில் காப்பி அடித்த பிள்ளை மாதிரி பென்சிலை வேறு ஒளித்து வைப்பாள்.

பாசம் என்று அதற்கு அவளே பெயர் வைத்திருந்தாள். அந்தப் பாசம்தான் அவன் காலைத் தின்றிருக்கிறது. வெட்கத்தில் காதுமடல் வரை சுட்டது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"அவ மேல தப்பில்லம்மா. நான்தான் செய்யாமலே செஞ்சுட்டேன்னு கதை விட்டேன். பாவம், அவ நம்பி டிக் போட்டா."

அந்தப் பெண் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் அசட்டுச் சிரிப்போடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மனைவி வாயை மூடிக்கொண்டாள்.

அவள் மேல் தப்பில்லை என்று அவன் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். உடம்பெல்லாம் கட்டோடு, வீங்கிய உதட்டால், விபத்தை விசாரிக்க வந்தவரிடம். அடுப்பைத் திறந்துவிட்டு மறந்தது நான்தான் என்றான்.

அன்று கேஸைத் திறந்தவள் அவள். தீப்பெட்டி காலி. அடுப்பை மூடாமலே கடைக்குப் போனவள், வழியில் பேச்சுவாக்கில் அரை மணி நேரம் நின்றுவிட்டாள். வேலை முடிந்து வந்தவன் விளக்கைத்தான் போட்டான்.

அன்றும் அவள் கட்டிலருகே வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள்.