மூன்றாம் மாடியின் தபால் பெட்டி

வாடகைக்குப் பார்க்க வந்த வீட்டில் தையல்காரர் குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். தண்ணீர் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் அவருக்கு மனம் ஆறவில்லை.

பழங்காலத்துக் கட்டடம். மரப்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. கீழ்வீட்டில் ஒரு பாஷை, முதல் மாடியில் வேறொன்று, எதிர்வீட்டில் இன்னொன்று. இந்தத் தெருவில் சண்டை வந்தால் திட்டுகிறவருக்கு மட்டும்தான் திட்டு புரியும் என்று மகள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து ஏறி இறங்கிய இடமெல்லாம் ஒரே பதில். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடையாது. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். இதுவும் கைநழுவினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சட்டக் கல்லூரியில் இடமென்றால் சும்மாவா? சேதி வந்த அன்றே கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளே கறுப்புக் கோட்டுக்குத் துணி வெட்டிவிட்டார். வக்கீலாக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. அளவுகூட எடுக்கவில்லை. அவளுக்குத் தைக்க அவருக்கு நாடா எதற்கு?

முதல் தடவையாக அவரை விட்டுத் தனியாக இருக்கப் போகிறாள். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே ஏக்கமாக இருந்தது. ஆனால் பெருமை அதைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது.

மனைவி, கோட்டு இருந்த பையைத் தோளில் மாட்டியபடி சன்னலோரம் போய் நின்றவள்தான், திரும்பவே இல்லை. கூரைகளுக்கு அப்பால் கல்லூரிக் கடிகாரம் தெரிந்தது.

வீட்டுக்காரம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒம்பது மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். பாட்டு, கூத்து எதுவும் கூடாது. சிநேகிதப் பசங்க யாரும் படியேறக் கூடாது. புரியுதா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அப்படி எந்தக் குறையும் வராது, தான் பொறுப்பு என்று தையல்காரர் குழாயடியிலிருந்தே வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்காரம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். படிப்புக்காக வந்து நிற்பவர்களை இல்லை என்று திருப்பி அனுப்ப மனசு வரவில்லை என்றார். தையல்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

படிக்கட்டின் அடியில் வரிசையாகத் தபால் பெட்டிகள். குடிவருகிறவர் தன் கையாலேயே, தன் பாஷையில், பெயரை எழுத வேண்டும். இந்தக் கட்டடத்தின் வழக்கம் அது. ஒருவர் பெயரை இன்னொருவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் எது யாருடைய பெட்டி என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் மாடியின் பெட்டியில் பழைய பெயர்மேல் வெள்ளை பூசியிருந்தது. வீட்டுக்காரம்மா பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து மகளிடம் நீட்டினார்.

மகள் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து பிரஷ்ஷை வாங்கினாள்.

வீட்டுக்காரம்மா மகளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெயிண்ட் டப்பாவை அவளுக்கு எட்டும்படி உயர்த்திப் பிடித்தார்.

ஊரில் கடைப் பலகையில் இருப்பது தையல்காரர் பெயர். வீட்டு வாசலில் இருப்பதும் அவர் பெயர்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்தக் கதவிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

அவள் ஓரமாக, சின்னதாக எழுத ஆரம்பித்தாள்.

"பெரிசாவே எழுது, வக்கீலம்மா" என்றார் தையல்காரர். "தெருவுக்கே தெரியட்டும்."